அத்தியாயம் 9: டிரக்கிலிருந்து வீட்டுக்கு மின்சாரம்

2021 பிப்ரவரி 15 அதிகாலை. டெக்சஸ் மாநிலத்தின் மின்தொகுப்பைக் கவனிக்கும் எர்காட், தொகுப்பு மொத்தமாகச் சரிந்துவிடாமல் இருக்கப் பகுதி பகுதியாகக் கரண்டை நிறுத்தச் சொன்னது. 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் கடைகளும் உறைபனியில் இருட்டில் கிடந்தன. விற்பனைக்கு நிற்கும் எஃப்-150 டிரக்குகளில் ஜெனரேட்டர் வசதி உள்ளவற்றை மக்களுக்கு இரவல் கொடுங்கள் என்று ஃபோர்டு நிறுவனம் தன் டெக்சஸ் டீலர்களைக் கேட்டுக்கொண்டது அந்த வாரத்தில்தான். 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் வந்தபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. சில தெருக்களுக்கு அது திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் நம்மவர்கள் வீட்டு டிரைவ்வேயிலும் இந்த எஃப்-150 வண்டி இப்போது நிற்கிறது. இதை வைத்து வீட்டை ஓட்ட முடியும். வண்டிக்குள் இருக்கும் மின் அமைப்பை ஃபோர்டு போதிய பாதுகாப்போடுதான் செய்திருக்கிறது. ஆபத்து இருப்பது வண்டிக்கும் வீட்டுக்கும் நடுவே போகும் கேபிளிலும், அந்தக் கேபிள் வீட்டு வயரிங்கைத் தொடும் இடத்திலும். எனவே இந்த அத்தியாயம் வண்டியைப் பற்றிக் குறைவாகவும் அந்த முப்பது அடியைப் பற்றி நிறையவும் பேசும்.

எடுத்துக்காட்டு முழுவதும் பெட்ரோல்-ஹைபிரிட் எஃப்-150, அதாவது பவர்பூஸ்ட் வண்டி. வேறு வண்டி வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வரிசையும் எச்சரிக்கையும் பெரும்பாலும் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

உங்கள் வண்டியில் எவ்வளவு இருக்கிறது?

‘ப்ரோ பவர் ஆன்போர்டு’ என்ற பெயரில் ஃபோர்டு தரும் இந்த வசதி 2021 மாடலில் மூன்று அளவுகளில் வந்தது: 2 கிலோவாட், 2.4 கிலோவாட், 7.2 கிலோவாட். முதல் இரண்டில் சாதாரண 120 வோல்ட் சாக்கெட் மட்டும் உண்டு. 7.2 வண்டியின் பின்தொட்டியில் 120 வோல்ட், 20 ஆம்பியர் சாக்கெட் நான்கும், பக்கத்திலேயே வட்டமாக நான்கு வளைந்த பிளவுகளோடு ஒரு பெரிய சாக்கெட்டும் இருக்கும். அதுதான் எல்14-30. பிளக்கைச் செருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும். 240 வோல்ட், 30 ஆம்பியர்.

அந்த வட்ட சாக்கெட் இல்லையென்றால் வீட்டுப் பேனலோடு இணைக்கும் பேச்சே வேண்டாம். அடுத்து வரும் எக்ஸ்டென்ஷன் வயர் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவே போதும் என்பது பல வீடுகளுக்கு உண்மையும்கூட.

ஒரே ஒரு தியரி. நம் ஊரில் ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், நடுவே 230 வோல்ட். அமெரிக்க வீட்டுக்கு வருவது இரண்டு ஹாட் வயர், நடுவில் ஒரு நியூட்ரல். ஒவ்வொரு ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட். இரண்டு ஹாட்டுக்கும் இடையே 240. ஆகவே 7.2 கிலோவாட் என்பது இரண்டு 3.6 கிலோவாட். ஒரு பக்கம் 3,600 வாட்டைத் தாண்டினால், மறுபக்கம் காலியாகக் கிடந்தாலும் வண்டி நிறுத்திவிடும். மைக்ரோவேவ் 1,500, எலெக்ட்ரிக் கெட்டில் 1,500, ஃபர்னஸ் காற்றாடி 600, ஃபிரிட்ஜ் 200. இந்த நான்கும் ஒரே பக்கத்தில் விழுந்தால் 3,800. டீ போடப் போய் வீடு இருட்டாகும்.

இன்னொன்று. ‘240 வோல்ட் இருக்கிறதே, கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரை நேராக மாட்டிவிடலாமே’ என்று தோன்றும். மாட்டாதீர்கள். அங்கே இரண்டு வயரும் ஹாட். கிரைண்டரின் சுவிட்ச் ஒன்றைத்தான் துண்டிக்கும், அணைத்த பிறகும் மோட்டாருக்குள் மின்சாரம் நிற்கும். 50 ஹெர்ட்ஸ் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் வேகமாகவும் சூடாகவும் ஓடும். அதன் மெல்லிய வயருக்கு 30 ஆம்பியர் பிரேக்கர் எந்தக் காவலும் தராது.

எளிய வழி: எக்ஸ்டென்ஷன் வயர்

வீட்டு வயரிங்கைத் தொடாமல், தேவையான சாமான்களை மட்டும் வண்டியில் மாட்டுவது. பெர்மிட் வேண்டாம், எலெக்ட்ரீஷியன் வேண்டாம். ஃபிரிட்ஜ், வைஃபை, போன் சார்ஜர், இரண்டு விளக்கு, ஒரு டேபிள் ஃபேன். 2 கிலோவாட் வண்டியே இதைத் தாங்கும்.

1. வெளிப்புறப் பயன்பாட்டுக்கானது என்று அச்சிட்ட, மூன்று கம்பி உள்ள, 12 கேஜ் வயரை வாங்குங்கள். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமனாகும். கடையில் மலிவாகத் தொங்கும் 16 கேஜ் வயர் கிறிஸ்துமஸ் விளக்குக்கு.
2. வயரை முழுவதுமாகப் பிரித்துப் போடுங்கள். சுருளாகவே கிடந்தால் சூடு வெளியேற இடமிருக்காது, உறை உருகும்.
3. ஜன்னலையோ கதவையோ வயரின் மேல் அழுத்தி மூடாதீர்கள். சந்தில் பழைய துண்டைச் சுருட்டி அடையுங்கள். காற்றோடு புகையும் அந்தச் சந்து வழியாகத்தான் வரும்.
4. ஃபிரிட்ஜை நேராக இந்த வயரில் மாட்டுங்கள். நடுவில் பவர் ஸ்ட்ரிப் வேண்டாம்.
5. பத்து நிமிடம் கழித்துப் பிளக்கையும் வயரையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே கழற்றுங்கள்.

இந்த வழியின் பெரிய குறை ஃபர்னஸ். கேஸில் எரியும் ஃபர்னஸுக்கும் காற்றாடியை ஓட்ட 400 முதல் 800 வாட் கரண்ட் வேண்டும். ஆனால் அதற்குப் பிளக் இருக்காது, வயர் சுவருக்குள்ளிருந்து நேராக வரும். 2021இல் வீட்டில் கேஸ் இருந்தும் குளிரில் நடுங்கியவர்களுக்கு இதுதான் நடந்தது. இதற்கு மட்டும் ஒரு சின்ன சேஞ்ச் ஓவர் சுவிட்சை ஃபர்னஸ் பக்கத்திலேயே எலெக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளலாம். ஹாட்டோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையாகக் கேளுங்கள். காரணம் இரண்டு பகுதி தள்ளி வருகிறது. செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால், டாலஸ் குளிருக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இந்த ஒரு சுவிட்சைத்தான்.

ஒருபோதும் செய்யக்கூடாதது

இரண்டு முனையிலும் ஆண் பிளக் உள்ள வயர். ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையைத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் சாக்கெட்டிலும் செருகினால் வீடு முழுக்க விளக்கு எரியும். யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க எலெக்ட்ரீஷியன்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘தற்கொலை வயர்’.

முதலாவது, ஒரு முனையைச் செருகியதுமே மறுமுனையின் பித்தளை நாக்குகள் கையில் 240 வோல்ட்டோடு நிற்கும். இரண்டாவது இன்னும் மோசம். மெயின் பிரேக்கரை அணைக்க ஒருவர் மறந்தால் போதும், உங்கள் வண்டியின் கரண்ட் மீட்டரைத் தாண்டி வெளியே போகும். கம்பத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இரு திசையிலும் வேலை செய்யும். தெருவிலிருந்து வரும் 7,200 வோல்ட்டை 240 ஆக்கும் அதே பெட்டி, உங்கள் 240ஐ 7,200 ஆக்கி வெளியே அனுப்பும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவருக்கு அது தெரியாது.

‘நான் மறக்க மாட்டேன்’ என்பது பதில் ஆகாது. இருட்டு, மழை, அழும் குழந்தை, மூன்றாம் நாள் களைப்பு. அந்த நேரத்தில் உங்கள் ஞாபகத்தை நம்பாமல், இரும்பால் ஆன ஒரு தடுப்பை நம்ப வேண்டும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் அந்தத் தடுப்பு. தெருக் கரண்டும் வண்டிக் கரண்டும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் இருக்கவே முடியாதபடி அது பூட்டி வைக்கும். அமெரிக்கக் கடைகளில் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் என்று கேளுங்கள்.

மாட்டியதும் வண்டி ட்ரிப் ஆவது ஏன்?

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். காசு செலவழித்து, சுவரில் கேபிளைச் செருகும் இன்லெட் பெட்டி வைத்து, பேனலில் இன்டர்லாக் தகடு போட்டு, பெருமையோடு வண்டியை இணைப்பார்கள். ஒரு நொடியில் வண்டித் திரையில் எர்த் கோளாறு என்று வரும், கரண்ட் நிற்கும். வண்டியில் பழுது என்று டீலரிடம் ஓடுவார்கள். பழுது எதுவும் இருக்காது.

நம் ஊர் வீடுகளில் இ.எல்.சி.பி. இருக்குமே, அதே வேலையைச் செய்யும் ஜி.எஃப்.சி.ஐ. இந்த வண்டி சாக்கெட்டுகளில் இருக்கிறது. போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகவே திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் துண்டிக்கும்.

வண்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் இணைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டு மெயின் பேனலிலும் அதே போல ஓர் இணைப்பு, அது சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். இரண்டையும் கேபிளால் சேர்த்தால் திரும்பும் கரண்டுக்கு இரண்டு பாதை கிடைக்கிறது. பாதி நியூட்ரலில் வருகிறது, மீதி எர்த் வயரில். கணக்கு இடிக்கிறது. வண்டி துண்டிக்கிறது. அது சரியாகவே வேலை செய்கிறது.

சரியான தீர்வு, நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச். நம் ஊரில் வீட்டு ஜெனரேட்டருக்குப் போடும் டபுள் போல் சேஞ்ச் ஓவர் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகத்தான் மாற்றும். அமெரிக்கக் கடையில் அலமாரியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு ஹாட்டை மட்டும் மாற்றும், நியூட்ரலைத் தொடாது. பேனலில் போடும் இன்டர்லாக் தகடும் அப்படித்தான். மெயின் பிரேக்கரும் ஜெனரேட்டர் பிரேக்கரும் ஒன்றாக ஆன் ஆகாமல் அது தடுக்கும். லைன்மேனைக் காப்பாற்றும், ட்ரிப்பை நிறுத்தாது. பெட்டியின் மேல் ‘ஜெனரேட்டருக்கு ஏற்றது’ என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் இந்த வண்டிக்கு அது உதவாது.

தவறான தீர்வு ஒன்று பரவலாக இருக்கிறது: கேபிளின் எர்த் முனையை வெட்டிவிடுவது. வெட்டினால் ட்ரிப் நிற்கும், உண்மை. ஆனால் பிறகு கேபிளில் நியூட்ரல் எங்காவது கழன்றால், வண்டியின் இரும்பு உடம்பே மின்னேறி நிற்க வாய்ப்பு உண்டு. ஈரத் தரையில் நின்று கதவைத் திறப்பவர் அதைக் கண்டுபிடிப்பார். வண்டிக்குள் இருக்கும் நியூட்ரல்-எர்த் இணைப்பைக் கழற்றுவதற்கும் சிலர் வழி சொல்வார்கள். பக்கத்தில் போகாதீர்கள்.

எலெக்ட்ரீஷியனிடம் என்ன கேட்பது?

பேனலுக்குள் கை வைக்கும் வேலையை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனுக்கு விடுங்கள். மெயின் பிரேக்கரை அணைத்தாலும் மீட்டரிலிருந்து அதற்கு வரும் இரண்டு தடித்த வயரில் உயிர் இருந்துகொண்டே இருக்கும். நகராட்சி பெர்மிட் பெரும்பாலான ஊர்களில் தேவை. ஊருக்கு ஊர் விதி மாறுவதால் வேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அவரிடம் இந்த வரிசையில் பேசுங்கள்:

1. ‘என் ஜெனரேட்டர் போர்ட்டபிள் இல்லை, டிரக். அதற்குள்ளேயே நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கிறது, சாக்கெட்டில் ஜி.எஃப்.சி.ஐ. இருக்கிறது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இதைக் கேட்டதும் அவர் ‘அப்படியானால் நியூட்ரலையும் மாற்ற வேண்டும்’ என்றால் விஷயம் தெரிந்தவர். ‘எல்லாம் ஒன்றுதான் சார்’ என்றால் அடுத்தவரைப் பாருங்கள்.
2. அவசியமான சர்க்யூட்டுகளை மட்டும் தனியாக ஒரு சப் பேனலுக்கு மாற்றி, அதற்கு முன்னால் டிரான்ஸ்ஃபர் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். வீடு முழுவதையும் 7.2 கிலோவாட்டில் ஓட்ட ஆசைப்பட வேண்டாம்.
3. மாற்றும் ஒவ்வொரு சர்க்யூட்டின் ஹாட்டோடு அதன் நியூட்ரலும் சப் பேனலுக்கு வந்தாக வேண்டும். ஒரே ஒரு வெள்ளை வயர் பழைய பேனலில் தங்கிப்போனாலும் ட்ரிப் ஆகும். பழைய வீடுகளில் இரண்டு சர்க்யூட் ஒரே நியூட்ரலைப் பங்கு போட்டிருக்கும். அந்த ஜோடியைப் பிரிக்காமல் சேர்த்தே மாற்ற வேண்டும்.
4. சப் பேனலில் நியூட்ரல் பட்டையும் எர்த் பட்டையும் தனித்தனியாக இருக்கட்டும்.
5. வெளிச்சுவரில் மூடியோடு 30 ஆம்பியர் இன்லெட் பெட்டி. வண்டி நிற்கும் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ப இடம் குறியுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, கேபிள் எட்டவில்லை என்று வண்டியைச் சுவரோரம் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.
6. கேபிள்: 10 கேஜ், நான்கு கம்பி, வெளிப்புறத்துக்கான தடித்த ரப்பர் உறை, இரு முனையிலும் எல்14-30, ஒன்று ஆண், ஒன்று பெண்.

வேலை முடிந்ததும் அவர் இருக்கும்போதே வண்டியை மாட்டி ஓட்டிப் பாருங்கள். அவர் போன பிறகு ட்ரிப் ஆனால் வண்டியைக் குறை சொல்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, இந்த வண்டியை அவர் முதன்முறையாகப் பார்த்திருக்கலாம்.

எதை ஓட்டலாம்?

சப் பேனலுக்கு வர வேண்டியவை: ஃபிரிட்ஜ், ஃபர்னஸ் காற்றாடி, சமையலறை சாக்கெட் ஒரு சர்க்யூட், படுக்கையறை விளக்குகள், இன்டர்நெட், பேஸ்மென்ட் உள்ள வீடானால் தண்ணீர் இறைக்கும் சம்ப் பம்ப். ஆக்ஸிஜன் கருவி, மூச்சுக்கருவி போன்ற மருத்துவச் சாமான்கள் வீட்டில் இருந்தால் அவை பட்டியலின் உச்சியில்.

ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 முதல் 200 வாட் இழுக்கும். கம்ப்ரெஸர் கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு. எல்லா மோட்டாருக்கும் இது பொருந்தும். ஆகவே 7,200ஐ விளிம்புவரை நிரப்பாமல் 5,000 வாட்டுக்குள் திட்டமிடுங்கள்.

வேண்டாதவை: தண்ணீர் ஹீட்டர் 4,500 வாட், துணி உலர்த்தி ஏறக்குறைய 5,000, எலெக்ட்ரிக் அடுப்பு, இன்னொரு எலெக்ட்ரிக் காரின் சார்ஜர். ஹீட் பம்ப் வீடுகளில் கடுங்குளிரில் வேலைக்கு வரும் மின்சூட்டுக் கம்பிகள் தனியாகவே 10,000 வாட் கேட்கலாம். வீட்டு மத்திய ஏ.சி.க்குக் கிளம்பும்போது தேவைப்படும் இழுப்பு இந்த வண்டிக்கு அதிகம். ஹூஸ்டன் ஜூலையில் ஏ.சி. இல்லாமல் முடியாது என்பவர்கள், ஜன்னலில் வைக்கும் 5,000 பி.டி.யூ. ஏ.சி. ஒன்று வாங்கி ஒரே அறையைக் குளிர்விக்கலாம். அதற்கு 500 வாட் அளவில் போதும், அந்த அறையில் எல்லாரும் படுத்துக்கொள்ளலாம்.

மின் அடுப்பு ஓடாது என்பதால் சமையலுக்கு 1,800 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்று கைவசம் இருப்பது நல்லது. சோறு வைக்கும்போது கெட்டிலைப் போடாதீர்கள், அவ்வளவுதான். கேஸ் கிரில்லையோ கரியடுப்பையோ வீட்டுக்குள் கொண்டுவருவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

பேனலில் ஒரே வரிசையில் மேலும் கீழுமாக அடுத்தடுத்து இருக்கும் பிரேக்கர்கள் பெரும்பாலும் இரண்டு ஹாட்டிலும் மாறிமாறி விழும். சமையலறையும் ஃபர்னஸும் வெவ்வேறு பக்கத்தில் வருமாறு அடுக்கச் சொன்னால் பாதிச் சிக்கல் முடிந்தது.

கரண்ட் போனதும்: வரிசை

1. உங்கள் வீட்டில் மட்டும் போயிருக்கிறதா என்று தெருவை எட்டிப் பாருங்கள். மெயின் பிரேக்கர் ட்ரிப் ஆகியிருந்தால் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது, வண்டியை மாட்டக்கூடாது. தரைமட்டம் வரை வெள்ளம் வந்த வீட்டுக்கும் இதே விதி.
2. வண்டியைத் திறந்த வெளியில், சமதளத்தில், வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி நிறுத்துங்கள். புகைக்குழாய் வீட்டுக்கும் அண்டை வீட்டு ஜன்னலுக்கும் எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். அடியில் காய்ந்த புல்லோ சருகோ கூடாது.
3. பார்க் கியர், பார்க்கிங் பிரேக்.
4. சப் பேனலில் எல்லா பிரேக்கரையும் அணையுங்கள். டிரான்ஸ்ஃபர் சுவிட்சை நடுவில், அதாவது எதிலும் சேராத இடத்தில் வையுங்கள்.
5. கேபிளை முதலில் வீட்டு இன்லெட்டில் செருகித் திருகுங்கள். பிறகு வண்டியில். இரண்டிலும் பூட்டிக்கொண்டதா என்று லேசாக இழுத்துப் பாருங்கள். இணைப்பு எதுவும் தேங்கிய நீரில் கிடக்கக்கூடாது.
6. வண்டித் திரையில் ப்ரோ பவரை ஆன் செய்யுங்கள்.
7. டிரான்ஸ்ஃபர் சுவிட்சை ஜெனரேட்டர் பக்கம் தள்ளுங்கள்.
8. பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பெரிய மோட்டார் முதலில், விளக்கு கடைசியில். ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிடம். வண்டித் திரையில் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும், போனிலும் பார்க்கலாம்.

குறிப்பு: சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைப் பூட்டினாலும் கரண்ட் தொடருமா என்று உங்கள் மாடலின் கையேட்டில் முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இருண்ட தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி எல்லார் கண்ணிலும் படும்.

ட்ரிப் ஆனால்

உடனே ரீசெட் அழுத்தாதீர்கள். எல்லா பிரேக்கரையும் அணைத்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். எல்லாம் அணைந்திருந்தும் ட்ரிப் ஆனால் கோளாறு கேபிளிலோ இன்லெட்டிலோ டிரான்ஸ்ஃபர் சுவிட்சிலோ இருக்கிறது. பெரும்பாலும் இன்லெட்டுக்குள் நீர் புகுந்திருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ட்ரிப் ஆகாமல் நின்றால், ஒவ்வொரு பிரேக்கராக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்த சர்க்யூட்டில்தான் கசிவு. மழையில் நனைந்த தோட்டத்து சாக்கெட், பழைய ஃபிரிட்ஜின் ஐஸ் உருக்கும் கம்பி, இவை இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். தனித்தனியே ஓடி, எல்லாம் சேர்ந்தால் மட்டும் விழுகிறதா? பல சாமான்களின் சின்னச் சின்னக் கசிவு கூடி 5 மில்லி ஆம்பியரைத் தொடுகிறது. ஒன்றிரண்டைக் குறையுங்கள்.

விளக்குகள் சில அதீதமாகப் பளிச்சென்றும் சில மங்கலாகவும் எரிந்தால் மட்டும் யோசிக்காமல் எல்லாவற்றையும் அணையுங்கள். நியூட்ரல் எங்கோ கழன்றிருக்கிறது. 120 வோல்ட் சாமானுக்கு 200 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். டிவியும் மோடமும் முதலில் போகும்.

புகை

இந்த வண்டியில் உள்ள பெரிய ஆபத்து அதன் அமைதி. ஹைபிரிட் என்பதால் கொஞ்ச நேரம் பேட்டரியிலேயே கரண்ட் கொடுக்கும். பேட்டரியின் அளவு 1.5 கிலோவாட்-மணி மட்டுமே. தீரும் நிலைக்கு வந்ததும் எஞ்சின் தானாகக் கிளம்பும், நிரப்பிவிட்டு அணையும், மறுபடி கிளம்பும். கராஜுக்குள் நிறுத்தி மாட்டிவிட்டு, ‘சத்தமே இல்லையே, பேட்டரியில்தான் ஓடுகிறது’ என்று படுக்கப் போகிறவர் தூங்கிய பிறகு எஞ்சின் கிளம்பும்.

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் போர்ட்டபிள் ஜெனரேட்டர் புகையால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 100 பேர் இறக்கிறார்கள். 2021 பிப்ரவரிக் குளிரில் கராஜுக்குள் காரை ஓடவிட்டதால் ஹூஸ்டனில் உயிர்கள் போயின. கராஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. நவீன வண்டிப் புகை சுத்தம் என்பதும் அரைகுறை உண்மை. புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். அடிக்கடி அணைந்து கிளம்பும் எஞ்சினில் அது அடிக்கடி ஆறிப்போகும்.

- படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் வெளியே, தளத்துக்கு ஒன்றாவது, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம். சுவர் சாக்கெட்டில் மட்டும் ஓடுவது கரண்ட் போன நேரத்தில் பயன்படாது.
- பனி பெய்தால் புகைக்குழாய் வாயை அவ்வப்போது பாருங்கள். அடைத்துக்கொண்டால் புகை வண்டிக்கு அடியில் தேங்கும்.
- தலைவலி, தலைசுற்றல், குமட்டல், காரணமில்லாத தூக்கக் கலக்கம் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு வந்தால் எல்லாரும் உடனே வெளியே. வெளியே வந்த பிறகு 911. ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே இருக்காதீர்கள்.

பெட்ரோல்

ஹைபிரிட் வண்டியின் டாங்க் 30.6 கேலன். முழு 7.2 கிலோவாட் பாரத்தில் 32 மணி நேரம் வரை ஓடும் என்பது ஃபோர்டு சொல்லும் கணக்கு. வீடு எப்போதும் முழு பாரத்தில் இருக்காது. இரவில் ஃபிரிட்ஜும் ஃபர்னஸும் மட்டும்தான். ஆகவே நாள் கூடும்.

ஆனால் கரண்ட் இல்லாத ஊரில் பெட்ரோல் பங்கும் ஓடாது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே டாங்கை நிரப்புங்கள். கால் டாங்க் வந்ததும் நிறுத்திவிடுங்கள். இது வீட்டுக்குக் கரண்ட் தரும் வண்டி மட்டும் இல்லை, ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டி வந்தால் உங்களிடம் உள்ள வண்டியும் இதுதான். கேனில் பெட்ரோல் வைத்திருந்தால் கராஜில், கேஸ் வாட்டர் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஊற்றும் முன் ப்ரோ பவரையும் எஞ்சினையும் அணைத்து, ஆறவிட்டு ஊற்றுங்கள். பேட்டரியில் ஓடும் நேரத்தில் ஊற்றினாலும் நடுவில் எஞ்சின் கிளம்பும் என்பது நினைவிருக்கட்டும்.

முழுக்க பேட்டரியில் ஓடும் எஃப்-150 லைட்னிங் வண்டிக்குப் புகைப் பகுதி பொருந்தாது. அதில் 9.6 கிலோவாட் வரை கிடைக்கும். நியூட்ரல், ட்ரிப், தற்கொலை வயர் பற்றிச் சொன்னதெல்லாம் அதன் 240 வோல்ட் சாக்கெட்டுக்கும் அப்படியே பொருந்தும். சார்ஜர் வழியாகவே வீட்டுக்குக் கரண்ட் திருப்பும் தனி அமைப்பு ஒன்றையும் அந்த வண்டிக்கு ஃபோர்டு கொடுத்தது; அதை வைத்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் கேபிள் வேலை தேவைப்படாது.

கரண்ட் திரும்பி வந்ததும்

எதிர்வீட்டு விளக்கு எரிந்ததும் ஓடாதீர்கள். புயலுக்குப் பிறகு லைன் முதல் சில நிமிடம் வரும், போகும். 15 நிமிடம் நிலையாக இருந்த பிறகு:

1. சப் பேனல் பிரேக்கர்களை எல்லாம் அணையுங்கள்.
2. டிரான்ஸ்ஃபர் சுவிட்சை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.
3. வண்டித் திரையில் ப்ரோ பவரை அணையுங்கள்.
4. கேபிளை முதலில் வண்டியிலிருந்து, பிறகு வீட்டிலிருந்து கழற்றுங்கள். இன்லெட் மூடியை மூடுங்கள்.
5. டிரான்ஸ்ஃபர் சுவிட்சைத் தெரு லைன் பக்கம் தள்ளுங்கள்.
6. பிரேக்கர்களை ஏற்றுங்கள். ஃபிரிட்ஜை ஐந்து நிமிடம் கழித்து.

கேபிளைக் கழற்றாமலே வண்டியை எடுத்துவிட்டவர்கள் உண்டு. கேபிள் மாட்டியிருக்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவையுங்கள்.

ஒத்திகை

ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1 அன்று புயல் பருவம் தொடங்குவதற்கு முன்னும் நவம்பர் கடைசியிலும், பகல் வெளிச்சத்தில் முழு வரிசையையும் ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடட்டும். இன்லெட்டுக்குள் குளவிக்கூடு இருக்கிறதா, கேபிள் உறை வெடித்திருக்கிறதா, அலாரம் பேட்டரி உயிரோடிருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். கேபிளை வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் வைத்தால் தேட வேண்டாம்.

மேலே உள்ள இரண்டு வரிசைகளையும் பெரிய எழுத்தில் அச்சடித்து சப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும் மாதங்களில் தமிழிலும் ஒன்று. நீங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் தள்ளிப் பழகிய அப்பாவுக்கு இதில் புதிதாகச் சொல்ல வேண்டியவை இரண்டு: தள்ளுவதற்கு முன் பிரேக்கர்களை அணைக்க வேண்டும், மழை பெய்தாலும் வண்டியைக் கராஜுக்குள் விடக்கூடாது. ஒத்திகை நாளில் அவரையே ஒருமுறை முழுவதும் செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். எங்கே தயங்குகிறாரோ அந்த வரியைத் தாளில் திருத்தி எழுதுங்கள்.